கட்டைக்குள் ஒரு தப்பு மத்திமம்

மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிக் குச்சியால் தட்டி வாசிக்கும் மரிம்பாவை நேரில் பார்த்த சென்னைவாசிகள் மிகக் குறைவு. அதன் ஒலியைக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு. 2007-இல் வந்த முதல் ஐஃபோனின் ரிங்டோன் மரிம்பாதான். பறக்கும் ரயிலில் யாராவது பையைத் துழாவி போனை எடுக்கும்வரை பெட்டி முழுக்க அதைக் கேட்டிருக்கும். கோடம்பாக்கத்துப் பாடல்களின் இடையிசையிலும் மரிம்பா, அதன் உறவுகளான சைலஃபோன், வைப்ரஃபோன் மூன்றும் அவ்வப்போது தலைகாட்டும். இன்று அவை பெரும்பாலும் கீபோர்டிலிருந்து வரும் நகல்கள். ஆனால் அசலே கூட மரத்தைத் தட்டியதும் தானாக வந்துவிடுகிற ஒலி இல்லை. மரக்கட்டைக்கு இயல்பாகவே சுருதி சேராது. அதை மல்லுக்கட்டிச் சேர்த்திருக்கிறார்கள்.

முதலில் வீணைக் கம்பியைப் பார்ப்போம். 200 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 200 முறை, அதிரும் கம்பியோடு 400, 600, 800, 1000 என்று மேல்சுரங்களும் கூடவே கிளம்பும். முழு எண் மடங்குகள் என்பதால் அத்தனையும் ஒன்றோடொன்று பொருந்தி, காதுக்கு ஒரே சுரமாகக் கேட்கும். இப்போது அதே 200 ஹெர்ட்ஸில் அதிரும்படி, முழுக்க ஒரே கனத்தில் இழைத்த ஒரு மரக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடுத்த அதிர்வு 551. அதற்கும் அடுத்தது 1081. அதாவது 2.756 மடங்கு, 5.404 மடங்கு. 200-ஐ ஸட்ஜம் (‘ஸ’) என்று வைத்தால், 551 எங்கே விழுகிறது? மேல் ஸ்தாயியில் (அதிர்வு இரட்டிக்கும் அடுத்த சுர அடுக்கில்), ‘ம’வின் இரு வகைகளில் சுத்த மத்திமத்தைத் தாண்டி, பிரதி மத்திமத்தைத் தொடாமல், இரண்டுக்கும் நடுவே. கர்நாடக இசையின் எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களில் எதற்கும் சொந்தமில்லாத இடம். கதவைத் தட்டினால் ‘டொக்’ என்று மட்டும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்: உள்ளே சுரங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? வளைந்த கம்பியைத் திரும்ப இழுப்பது அதன் இழுவிசை. கட்டையை நிமிர்த்துவதோ அதன் சொந்த விறைப்பு. குறுகிய இடத்துக்குள் பல வளைவுகள் விழும்போது அந்த விறைப்பு மிகக் கடுமையாக எதிர்க்கிறது. அதனால் மேல் அதிர்வுகள் சீராக ஏறாமல் தாவித் தாவி ஏறுகின்றன. நீளத்தின் கணக்கும் மாறிவிடுகிறது. கம்பியைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி ஏறும். கட்டையைப் பாதியாக்கினால் இரண்டு ஸ்தாயி. 40 செ.மீ. கட்டை ஸட்ஜம் என்றால், அதே கனத்தில் பஞ்சமத்துக்கு சுமார் 32.7 செ.மீ., மேல் ஸட்ஜத்துக்கு 28.3 செ.மீ. அகலம் சுருதியை மாற்றாது. அகலமான கட்டை கூடுதல் காற்றைத் தள்ளும், அவ்வளவுதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மரக்கடையில் ஒரு ரீப்பர் துண்டு வாங்குங்கள், 40 செ.மீ. போதும். இரண்டு முனைகளிலிருந்தும் 9 செ.மீ. உள்ளே தள்ளி, அடியில் ஸ்பாஞ்சுத் துண்டுகளை வையுங்கள். மேலே கோலமாவைத் தூவுங்கள் (கடையில் விற்கிற கல்மாவு, அரிசிமாவு ஒட்டிக்கொள்ளும்). நடுவில் திரும்பத் திரும்ப மெதுவாகத் தட்டினால் மாவு நகர்ந்து நகர்ந்து இரண்டு கோடுகளாகச் சேரும். அவைதான் கணுக்கள்: கட்டை முழுவதும் அதிரும்போது அசையாமல் நிற்கும் இரண்டு இடங்கள், ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதத்தில். மரிம்பாவில் கயிறு நுழையும் துளைகளைக் கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான் போடுகிறார்கள். கட்டையை அங்கே பிடித்தால் அதற்குப் பிடித்த மாதிரியே தெரியாது. வேறு எங்கே பிடித்தாலும் ஒலி செத்துவிடும்.

இந்தச் சுருதிச் சிக்கல் சென்னைக்குப் புதிதல்ல. மிருதங்கத்துக்கும் இதே நோய்தான் இருந்தது. இழுத்துக் கட்டிய வெறும் தோலின் மேல்சுரங்களும் முழு எண் மடங்குகளாக அமையாது. வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவே கல்பொடியும் சாதமும் சேர்த்துப் பூசும் கரணை அதைச் சரிசெய்கிறது: நடுவில் ஏறிய எடையால் அதிர்வுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் இறங்கி, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் வந்து நிற்கின்றன. மாநிலக் கல்லூரியில் படித்து 1907-இல் எம்.ஏ. முடித்த சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் இதைத்தான் எழுதினார். பல தலைமுறைக் கைவினைஞர்கள் காதால் கண்டுபிடித்ததற்கு அறிவியல் மொழியில் கிடைத்த விளக்கம் அது.

மிருதங்கக்காரர்கள் சேர்த்துத் தீர்த்ததை மரிம்பாக்காரர்கள் குறைத்துத் தீர்த்தார்கள். மரிம்பாக் கட்டை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் நடுவில் பாலத்தின் வளைவு போலச் செதுக்கப்பட்டிருக்கும். முதல் அதிர்வில் கட்டை மிக அதிகமாக வளைவது நடுவில்தான். அங்கே மரத்தைக் குறைத்தால் முதல் சுரம் சரசரவென்று இறங்கும். இரண்டாவது அதிர்வில் நடுப்பகுதி வளைவதே இல்லை. இரு பக்கமும்தான் வளைகிறது. ஆகவே நடுவில் செதுக்குவது இரண்டாம் சுரத்தை அவ்வளவாகப் பாதிக்காது. கீழது இறங்க இறங்க, மேலது ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, இடைவெளி விரிகிறது: 2.756 என்பது 3 ஆகிறது. இன்னும் செதுக்கினால் 4.

சைலஃபோன் 3-இல் நின்றுவிடுகிறது. மரிம்பா 4 வரை போகிறது. நம் கணக்கில் சொன்னால், சைலஃபோனின் ஒவ்வொரு கட்டையிலும் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் ஒன்று உடன் ஒலிக்கிறது. மரிம்பாவில் இரண்டு ஸ்தாயி மேலே ஸட்ஜமே ஒலிக்கிறது. நல்ல மரிம்பாவின் கீழ் ஸ்தாயிக் கட்டைகளில் மூன்றாவது அதிர்வையும் 10 மடங்குக்குக் கொண்டுவருவார்கள். மூன்று ஸ்தாயி மேலே அது அந்தர காந்தாரம். தம்புராவில் யாரும் மீட்டாமலே கேட்குமே, அதே காந்தாரம். எனக்கு இதில் பெரிய ஆச்சரியம், வெவ்வேறு கண்டங்களில் வேலை செய்த காதுகள் ஒரே இடத்தில் போய் நிற்பதுதான்.

செதுக்கிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனாலும் சுருதி கூட்டுபவருக்கு ஒரு வழி உண்டு. நடுவில் எடுத்தால் சுருதி இறங்கும் என்பதைப் போலவே, முனைகளுக்கு அடியில் எடுத்தால் ஏறும். அங்கே குறைவது விறைப்பு அல்ல, எடை. தாய்லாந்தின் ரனாத் வாத்தியத்தில் வேறு வழி: கட்டையின் அடியில் ஈயப்பொடி கலந்த மெழுகை அப்பிச் சுருதியைத் துல்லியமாக்குகிறார்கள். கச்சேரிக்கு முன் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவை அப்பி நாதத்தைக் கீழே இறக்குவதைப் பார்த்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இனி குழாய்கள். கட்டை மட்டும் அதிர்ந்தால் ஒலி மெலிந்துதான் கேட்கும், காரணம் அதன் மேற்பக்கம் காற்றை அழுத்தும் அதே நொடியில் கீழ்ப்பக்கம் காற்றை உறிஞ்சுகிறது. இரண்டும் ஓரங்களில் கலந்து ஒன்றையொன்று அடித்துப்போடுகின்றன. கீழ்ச்சுரங்களில் இது இன்னும் மோசம். கட்டைக்கு நேர் கீழே, அடிமுனை மூடிய குழாய் ஒன்றைத் தொங்கவிட்டால், உள்ளே உள்ள காற்று அதே சுரத்துக்கு ஒத்ததிர்ந்து ஒலியை வெளியே தள்ளும். நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. நடு ஸ்தாயியின் C சுரத்துக்கு (பாடகர்கள் ‘ஒரு கட்டை’ என்று சொல்லும் சுருதி), அதாவது 261.6 ஹெர்ட்ஸுக்கு, சுமார் 33 செ.மீ. ஐந்து ஸ்தாயி மரிம்பாவின் மிகத் தாழ்ந்த சுரம் 65.4 ஹெர்ட்ஸ், அதற்கு 130 செ.மீ.க்கு மேல் வேண்டும். வாத்தியத்தின் உயரமே அவ்வளவு கிடையாது. அதனால் கீழ்க்குழாய்களை மடித்துத் திருப்புகிறார்கள், அல்லது அகலமான பெட்டியாகச் செய்கிறார்கள். முன்வரிசையில் அழகாக வளைந்து இறங்கி ஏறும் பித்தளைக் குழாய்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவில் பாதி வெறும் அலங்காரம். மேல்ஸ்தாயிக் குழாய்கள் வெளியே நீளமாகத் தெரிந்தாலும் உள்ளே பாதியிலேயே அடைக்கப்பட்டிருக்கும்.

ஒரு முனை மூடிய குழாய்க்கு ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே பிடிக்கும்: 1, 3, 5. சைலஃபோனின் இரண்டாம் சுரம் 3 மடங்கு; ஆகவே குழாய் அதையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது, ஒலி கூர்மையாகக் குத்துகிறது. மரிம்பாவின் 4-ஐக் குழாய் கண்டுகொள்வதில்லை. அடிச்சுரம் மட்டும் பெருகி, உருண்டையாக வருகிறது. இரண்டு வாத்தியங்களின் குணத்தையும் பிரிப்பதில் ஒரே ஓர் எண்ணுக்கு இவ்வளவு பங்கு. ஆனால் குழாய் இலவசமாக எதையும் தருவதில்லை. கட்டையில் இருந்த ஆற்றலை வேகமாக வெளியே கொட்டுவதால் ஒலி பெருக்கும்போதே ஆயுளும் குறைகிறது. அதனால்தான் நீண்ட சுரம் வேண்டுமென்றால் வாசிப்பவர் இரண்டு குச்சிகளாலும் மாற்றி மாற்றி உருட்ட வேண்டியிருக்கிறது.

சென்னை மே மாதம் இங்கே குறுக்கே வரும். காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். ஏசி போட்ட 22 டிகிரி அரங்கிலிருந்து 35 டிகிரி திறந்தவெளி மேடைக்கு வந்தால் குழாயின் சுருதி ஓர் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். மரக்கட்டையோ சூட்டில் விறைப்பு குறைந்து எதிர்த் திசையில், கொஞ்சமாக, இறங்கும். கடற்கரை ஈரப்பதத்தை மரம் குடித்தால் இன்னும் இறங்கும். கட்டையும் குழாயும் ஆளுக்கொரு பக்கம் போனால் ஒலி வற்றிவிடும். நல்ல மரிம்பாக்களில் கீழ்க்குழாய்களின் அடைப்பை நகர்த்திக்கொள்ள வழி வைத்திருப்பது இதற்காகத்தான்.

தட்டும் குச்சி, அதாவது மேலட், பாதி வாத்தியம். கடினமான உருண்டை கட்டையை நொடியில் தொட்டு விலகும். மேல் அதிர்வுகளும் கிளம்பி ஒலி ‘டிக்’கென்று தெறிக்கும். நூல் சுற்றிய மென்மையான உருண்டை சற்று நேரம் ஒட்டியிருந்து, அந்த மேல் அதிர்வுகளைத் தானே அமுக்கிவிடும். எங்கே தட்டுவது என்பதும் முக்கியம். சரியாக நடுவில் தட்டினால் இரண்டாம் அதிர்வு எழாது, அங்கே அதற்குக் கணு. துளைக்கு மேலே தட்டினால் அடிச்சுரமே எழாது.

வரலாறு ஆப்பிரிக்காவிலிருந்து தொடங்குகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் பாலஃபோனில் குழாய்க்குப் பதில் சுரைக்குடுக்கைகள். குடுக்கையில் துளையிட்டு, சிலந்தியின் முட்டைக் கூட்டிலிருந்து எடுத்த சவ்வை ஒட்டுவார்கள். தட்டும்போதெல்லாம் அது ரீங்கரிக்கும். தம்புராவில் கம்பிக்கு அடியில் ஜீவா நூலை வைத்துக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மத்திய அமெரிக்காவுக்குப் போன பிறகும் இந்த ரீங்காரம் தொடர்ந்தது, அங்கே பன்றிக்குடல் சவ்வில். குவாத்தமாலா 1978-இல் மரிம்பாவைத் தேசிய வாத்தியமாக அறிவித்தது. வட அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் போனதும் சவ்வை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், அது ஒரு நஷ்டம். பிற்பாடு ஜப்பானின் மரிம்பாக் கலைஞர் கெய்கோ அபே யமஹா நிறுவனத்தோடு சேர்ந்து கீழ் ஸ்தாயியை நீட்டி ஐந்து ஸ்தாயிக்குக் கொண்டுவந்தார். இன்று தனிக் கச்சேரி செய்பவர்கள் கையாளுவது அந்த வடிவத்தைத்தான், பெரும்பாலும் நான்கு மேலட்டுகளோடு.

இதில் கர்நாடக இசை வாசிக்க முடியுமா என்ற கேள்வி சென்னையில் எழாமல் போகாது. சுரங்களை வாசிக்கலாம், ஸ்வரக் கோர்வை பிரமாதமாக வரும். கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, வராது. கட்டைக்கு ஒரே சுருதி. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்க அதில் இடமில்லை. உலோகக் கட்டைகள் உள்ள வைப்ரஃபோனில் ஒரு தந்திரம் உண்டு: ஒலி நீடிக்கும்போது கடினமான மேலட்டைக் கணுவில் அழுத்தி நடுவை நோக்கி இழுத்தால் சுருதி கொஞ்சம் வழுக்கி இறங்கும். மரத்தில் அதற்குள் ஒலி போய்விடும்.

மரம் என்றதும் விலை. மரிம்பாவுக்குப் பெயர்போனது மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் ரோஸ்வுட்: கனமானது, விறைப்பானது, அதிர்வைத் தனக்குள் விழுங்காதது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் அதே டால்பெர்ஜியா பேரினம். 2017 முதல் அந்தப் பேரினத்தின் மரங்கள் அனைத்தும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வந்தன; செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தது. விலை குறைவாக வேண்டுவோருக்கு ஆப்பிரிக்கப் படாக் மரம் இருக்கிறது, நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் உறவு. இல்லையென்றால் கண்ணாடி இழையும் ரெசினும் கலந்த செயற்கைக் கட்டைகள். ஒலியில் கொஞ்சம் கண்ணாடித்தனம் இருக்கும். ஆனால் ஒரு சென்னைப் பள்ளிக்கூடம் வாங்குவதாக இருந்தால் நான் செயற்கைக் கட்டையைத்தான் சொல்வேன்: ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் சுருதி அதிகம் நகராது, குழந்தைகள் ஓங்கி அடித்தாலும் பள்ளம் விழாது, கரையானும் வராது.