பில் போடும் ஸ்டெம் செல்

போன வாரம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா, 11 வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுவலி. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். பையன் மூச்சை இழுத்து இழுத்து விடுகிறான், வாயில் அழுகின பழ வாசம். சர்க்கரை 486, சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்).

"இன்சுலின் போட்டீங்களாண்ணே?"

"ஸ்டெம் செல் ஏத்தியாச்சுல்ல சார், இனி வேணாம்னுட்டாங்க."

பையனுக்கு டைப் 1 சர்க்கரை நோய், இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடுகிற வகை. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். அதை ஏற்றுவதற்காக அம்மாவின் செயின் அடகில் இருக்கிறது. இந்த வருடத்தில் இது எனக்கு மூன்றாவது கேஸ். பையன் பிழைத்துக்கொண்டான், எனக்குத்தான் ஆறவில்லை.

"ஆனா சார், ஏத்துன பிறகு இன்சுலின் நெசமாவே பாதியாக் குறைஞ்சுச்சு" என்கிறார். குறையும்! டைப் 1 என்று கண்டுபிடித்து இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், கணையத்தில் மிச்சம் மீதி இருக்கிற, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் தெம்பாகி மறுபடி வேலை பார்க்கும். நாங்கள் ஹனிமூன் என்போம். சில மாதம் இருக்கும், சிலருக்கு வருடம்கூட. ஸ்டெம் செல் ஏற்றினாலும் குறையும், ஏற்றாவிட்டாலும் குறையும், அழகர்கோயிலில் முடியிறக்கினாலும் குறையும். அப்புறம் ஏறிவிடும். இந்த இடைவெளியில்தான் கடை விரிக்கிறார்கள்.

ஆராய்ச்சியே பொய் என்று சொல்லவில்லை. வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் சோதனை முடிவு 2025இல் வந்தது. ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த இன்சுலின் செல்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். முழு டோஸ் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்து இன்சுலின் தேவைப்படவில்லை. ஆனால் அந்தச் செல்களை உடம்பு அழிக்காமலிருக்க, எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். அந்தச் சோதனையில் ஒருவர் மூளைக்காய்ச்சலில் இறந்தும் போனார். எல்லாருமே பெரியவர்கள், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழப்போவதுகூட முன்கூட்டித் தெரியாத நிலையில் இருந்தவர்கள். காலையில் இடுப்பெலும்பு மஜ்ஜையை உறிஞ்சி, மதியம் டிரிப்ஸில் ஏற்றி, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புகிற வேலைக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

இந்தியாவில் டைப் 1க்கு ஸ்டெம் செல் சிகிச்சை இன்னும் சோதனை நிலைதான். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலும் சோதனைக்கு வெளியே செய்யக் கூடாது என்றே சொல்கிறது. சோதனையில் சேர்பவரிடம் காசு வாங்கக் கூடாது. பில் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்சுலினை மட்டும் யார் சொன்னாலும் சட்டென்று நிறுத்தாதீர்கள். பிள்ளை சாப்பிடாவிட்டாலும் நாள் முழுக்க வேலை பார்க்கும் அடிப்படை இன்சுலின் ஊசி வேண்டும். வாந்தி என்றால் முதலில் சர்க்கரையையும் கீட்டோனையும் பாருங்கள், சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம். அதை வாங்கிச் சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் போட்டுக் கெடுக்காதீர்கள் (இதையும் பார்த்துவிட்டேன்), வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் மண்பானை போதும்.

யாராவது புதுசாக ஒரு சிகிச்சைத் தாளை நீட்டினால், அடகுக்கடைக்குப் போகும் முன் அதை எங்களில் யாரிடமாவது காட்டுங்கள். என்னிடம் வந்தால் ஃபீஸ் வேண்டாம்.