‘ஃபோனோ ப்ரீஆம்ப்’ என்றால் ‘ஒலி முன்பெருக்கி’ அல்ல

இசைத்தட்டில் பாட்டுக் கேட்கும் தம்பி ஒருவர் போன வாரம் அழைத்தார். “அண்ணே, ஒலி முன்பெருக்கியை மேம்படுத்தணும்னு ஒரு கட்டுரையில படிச்சு, புதுசா ஒண்ணு வாங்கி மாட்டினேன். பாட்டு கீச்சுகீச்சுன்னு கேக்குது, பேஸே இல்ல.” அவருக்கு வேண்டியது ஃபோனோ ப்ரீஆம்ப், அதாவது இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி பெருக்கித் தரும் பெட்டி. கட்டுரை அதைத்தான் ‘ஒலி முன்பெருக்கி’ என்று மொழிபெயர்த்திருந்தது. அவர் வாங்கியதோ மைக்குக்கான ப்ரீஆம்ப். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஒலி முன்பெருக்கி என்று கேட்டால் இதையும்தான் எடுத்துக் கொடுப்பார்.

‘ஃபோனே’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் குரல், ஒலி என்று பொருள். அதுவரை சரி. ஆனால் ‘ஃபோனோ ப்ரீஆம்ப்’பில் இருப்பது அந்தக் கிரேக்கச் சொல் அல்ல, எடிசன் 1877இல் செய்த ஃபோனோகிராஃபின் சுருக்கம். ஆங்கிலேயர் வழியில் நமக்கு வந்தது ‘கிராமபோன்’ என்ற பெயர். அதனால் ஃபோனோ என்றதும் தமிழருக்கு இசைத்தட்டு நினைவுக்கு வருவதில்லை. மொழிபெயர்ப்பாளர் சொல்லின் வேரைத் தோண்டி ‘ஒலி’ என்று எழுதிவிட்டார். கருவி என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை.

இந்தக் கருவிக்கு வேலை இரண்டு. தாழ்ந்த ஒலியை அப்படியே தட்டில் வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடி இடத்தைத் தின்றுவிடும். அதனால் அதைக் குறைத்தும், தட்டின் இரைச்சலை அடக்குவதற்காகக் கீச்சொலியைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. 1954இல் கொண்டுவந்த அளவுமுறைப்படி, கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்: 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் கூட்டல், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ அதே அளவு குறைத்தல். மைக் ப்ரீஆம்ப் இதைச் செய்யாது. ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டைப் பெருக்குவது மற்ற வேலை.

இதே கருவிக்குச் சிலர் எழுதும் ‘முன் ஒலிபெருக்கி’ இன்னும் மோசம். ஒலிபெருக்கி என்றால் தமிழில் ஸ்பீக்கர். கல்யாண வீட்டுப் பந்தலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முன் ஒலிபெருக்கி என்று படிப்பவர் முன்னால் வைத்த ஸ்பீக்கரைத்தான் தேடுவார். ‘ஊசிக்குறிகைப் பெருக்கி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார்; குறிகை என்றால் சிக்னல். தூய தமிழ்தான், பொருளும் தவறில்லை. ஆனால் விளக்கம் இல்லாமல் ஒருவருக்கும் புரியாது. எனக்குத் தூய்மை வேண்டும், தெளிவு அதைவிட வேண்டும். ‘இசைத்தட்டு முன்பெருக்கி’ என்று எழுதுங்கள். நீளம் என்று தோன்றினால் ‘தட்டு முன்பெருக்கி’ போதும். அதுவும் வேண்டாமென்றால் ‘ஃபோனோ ப்ரீஆம்ப்’ என்றே விடலாம். தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

‘மேம்படுத்தல்’ என்ற சொல்லையும் விட்டுவிட மனமில்லை. மென்பொருளின் புதிய பதிப்பை இறக்குவதும் மேம்படுத்தல், பெட்டியைக் கழற்றிவிட்டு வேறு பெட்டி வாங்குவதும் மேம்படுத்தலா? பின்னதற்கு ‘மாற்றுவது’ என்ற நல்ல சொல் இருக்கிறது. மாற்றலாமா என்று கேட்டால், எதை, எதற்காக என்ற கேள்வி தானே வரும்.

தம்பியிடம் அதைத்தான் கேட்டேன். அவரிடம் இருப்பது 5 மில்லிவோல்ட் தரும் எம்.எம். காட்ரிட்ஜ், அதாவது ஊசியோடு காந்தம் அசையும் வகை. பழைய முன்பெருக்கி 40 டெசிபல், அதாவது 100 மடங்கு பெருக்கும். அரை வோல்ட் கிடைக்கும், அது போதும். காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் அசையும், 0.3 மில்லிவோல்ட் மட்டுமே தரும் எம்.சி. காட்ரிட்ஜுக்கு மாறினால்தான் 60 டெசிபல் தேவை. அவர் மாறப்போவதில்லை. மைக் ப்ரீஆம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேய்ந்த ஊசியை மாற்றச் சொன்னேன்.