மேல் முன்பற்களின் உட்புறத்தைப் பாருங்கள்

சொத்தை என்று சொல்லித்தான் பிள்ளையை அழைத்து வருகிறார்கள். மேலூரோ உசிலம்பட்டியோ, தாய்மார்கள் கேட்பது ஒன்றுதான்: "மிட்டாயே கொடுப்பதில்லை டாக்டர், அப்புறம் எப்படிப் பல் கரைகிறது?" சிலர் விஷயத்தில் அது முழு உண்மை.

சொத்தையில் கறுப்போ குழியோ தெரியும். இந்தப் பிள்ளைகளின் பற்கள் வழவழவென்று பளபளக்கும். கடைவாய்ப் பற்களின் முகடுகள் மழுங்கிச் சிறு பள்ளங்கள் விழுந்திருக்கும். அடுத்து நான் பார்ப்பது மேல் முன்பற்களில் அண்ணத்தை ஒட்டிய பக்கம். குளிர்பானமும் எலுமிச்சையும் பெரும்பாலும் உதட்டுப் பக்கத்தைத்தான் அரிக்கும். உட்புறம் கூடுதலாகத் தேய்ந்திருந்தால், வயிற்று அமிலம் மேலேறி வருகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். அமிலத்தின் கடுமையைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் கடுமை) 5.5-க்குக் கீழே போனாலே பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். இரைப்பை அமிலம் 1 முதல் 3 வரை. பால்பல்லின் எனாமல் மெல்லியது என்பதால் உள்ளிருக்கும் மஞ்சள் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

நெஞ்செரிச்சலைச் சொல்லச் சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. காலையில் வாயில் புளித்த வாடை, இரவில் வறட்டு இருமல், அடிக்கடி எதுக்களிப்பு உண்டா என்று நாம்தான் கேட்க வேண்டும். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றும் கேட்பேன். தூங்கா நகரம் என்ற பெருமை எனக்கும் உண்டு. அதற்காக, அப்பா கடையடைத்து வாங்கிவரும் பரோட்டாவையும் சால்னாவையும் பத்தரை மணிக்குத் தின்றுவிட்டு ஆறு வயதுப் பிள்ளை உடனே படுக்கலாமா? தூக்கத்தில் உமிழ்நீர் குறைவு. ஏறிவந்த அமிலம் பல்லிலேயே தங்கும். வயிறு மந்தம் என்று கோலி சோடா கொடுப்பது இன்னும் மோசம். அதுவும் அமிலம்தான், வாயு வேறு ஏப்பத்தைக் கிளப்பும்.

பிள்ளை வாந்தி எடுத்த கையோடு பல் தேய்த்துவிடாதீர்கள். இளகியிருக்கும் எனாமலைப் பிரஷ் சுரண்டிவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளிக்கச் செய்து, ஒரு மணி நேரம் கழித்துத் தேய்த்தால் போதும்.

குழந்தை மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தால், "பல்லுக்கு வந்தோம், வயிற்றுக்கு அனுப்புகிறாரே" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அமிலம் ஏறிக்கொண்டே இருந்தால் அடைத்த இடத்தைச் சுற்றிப் பல் மேலும் கரையும். மருந்துக் கடையில் நீங்களாக மருந்து கேட்டு வாங்கவும் வேண்டாம். இப்போது பற்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஆறு மாதம் கழித்து வாருங்கள், தேய்மானம் நின்றிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.