ஃபார்மேட் போட மட்டும் என் கடைக்கு வராதீர்கள்

இந்த மாதமும் வந்துவிட்டது. கீழக்கரையிலிருந்து ஒரு லேப்டாப், பெரியபட்டினத்திலிருந்து ஒன்று, அப்புறம் தங்கச்சிமடத்தில் கருவாடு வியாபாரம் செய்பவரின் கடைக் கம்ப்யூட்டர். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். வீட்டுப் பையன் ஆர்மா 3 விளையாடுகிறான், டெலிகிராமில் யாரோ போட்ட மோட் பேக்கை இறக்கி ஓட்டியிருக்கிறான், கொஞ்ச நாளில் அக்காவின் இன்ஸ்டாகிராம் கைவிட்டுப் போகிறது, வாப்பாவின் ஜிமெயில் திறக்க மறுக்கிறது, துபாயில் இருக்கும் மாமாவுக்கு "அவசரமா பணம் அனுப்புங்க" என்று பையன் பெயரிலேயே மெசேஜ் போகிறது. உடனே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் டேபிளில் வைத்துவிட்டு, மனப்பாடம் செய்துகொண்டு வந்த மாதிரி எல்லாரும் சொல்வது ஒன்றே ஒன்று: "அண்ணே, வைரஸ் ஏறிடுச்சு, ஃபார்மேட் போட்டுக் குடுங்க."

ஃபார்மேட் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் பெற்றோருக்காக, இது என்ன கேம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி வீடுகளில் இதைப் பப்ஜி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செக் நாட்டின் பொஹிமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2013ல் வெளியிட்ட ராணுவ விளையாட்டு இது. கதை நடக்கும் ஆல்டிஸ் தீவு சுமார் 270 சதுர கிலோமீட்டர், கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவைப் பார்த்து வரைந்தது. ஓடி ஓடிச் சுடும் விளையாட்டு அல்ல. ஒரு குண்டு பட்டாலே கதை முடியலாம், அரை மணி நேரம் நடந்துபோய் ஒருவரையும் பார்க்காமல் திரும்பிவருவதும் உண்டு. இந்த விளையாட்டு பத்து வருடம் தாண்டியும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் மோட்கள்தான், அதாவது விளையாடுகிறவர்களே செய்து சேர்க்கும் கூடுதல் சமாச்சாரங்கள். புது வண்டி, புது நிலப்பரப்பு, புது விதிமுறை என்று எதுவாகவும் இருக்கலாம்.

பப்ஜியின் பாட்டன் வீடும் இதுதான். டீன் ஹால் என்பவர் 2012ல் ஆர்மா 2க்கு டே ஸீ என்று ஒரு மோட் செய்தார். அதன் மேல் பிரெண்டன் கிரீன் பேட்டில் ராயல் மோட் செய்தார், பிறகு அதை ஆர்மா 3க்குக் கொண்டுவந்தார், அந்த யோசனைதான் 2017ல் பப்ஜியாக வந்தது. ஆகவே "மோட் எல்லாம் திருட்டு வேலை, தொடாதே" என்று பையனைத் திட்டுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். ஏஸ் என்று ஒரு மோட் இருக்கிறது. காயம் பட்டால் எங்கே கட்டுப்போட வேண்டும், எந்த மருந்து கொடுக்க வேண்டும் என்பது வரை அதில் உண்டு, அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். சம்பளம் வாங்காமல் பலர் சேர்ந்து வருடக்கணக்காகச் செய்கிற வேலை அது. மண்டபம் பக்கம் ஒரு தம்பி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தை, நடுப்பகுதி மேலே தூக்குவது உட்பட, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறான். பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது.

அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை, சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நம் கரையை மேப்பாகச் செய்ய ஆசையிருந்தால் பொதுவில் கிடைக்கும் செயற்கைக்கோள் படமும் உயரத் தரவும் போதும். உச்சிப்புளி கடற்படை விமானதளம் பக்கம் போனைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள், டிரோன் பற்றி யோசிக்கவே வேண்டாம். இதே ஆர்மாவைச் செய்த பொஹிமியாவின் ஊழியர்கள் இருவர் 2012ல் லெம்னோஸுக்குப் போனபோது, ராணுவ இடங்களைப் படம் எடுத்தார்கள் என்று உளவு வழக்கில் பிடித்து உள்ளே போட்டார்கள். 2013 ஜனவரியில்தான் ஜாமீன் கிடைத்தது. நாங்கள் சுற்றுலா வந்தோம் என்று அவர்கள் சொன்னது உடனே எடுபடவில்லை.

சரி, எங்கே கோணலாகிறது? அளவில். நல்ல மோட் தொகுப்பு என்றால் பத்து இருபது ஜிபி சாதாரணமாகப் போகும். ஃபைபர் வந்த தெருவில் அது பிரச்சினை இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில், ஒரு நாளைக்கு ஒன்றரை இரண்டு ஜிபியில் குடும்பமே ஓட்டுகிற வீட்டில் என்ன செய்வான்? "எல்லா மோடும் ஒரே ஃபைலில், சுருக்கியது, 2 ஜிபி மட்டும்" என்று டெலிகிராமில் வரும். கேமே கிராக் செய்ததாக, அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்ததாக இருந்தால், கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் மோட்களுக்கென்றே இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் நேராக இறக்கவும் வழியில்லை, அதனால் அவன் அங்கேதான் போவான். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப்பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு. கூடவே "இன்ஸ்டால் செய்யும்முன் டிஃபெண்டரை ஆஃப் செய்யவும், தவறுதலாகக் காட்டும்" என்று ஒரு குறிப்பும் இருக்கும், டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ். திருடன் வந்து வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறான், நம் பிள்ளை அனுப்பிவைக்கிறான்.

ஆர்மா மோட் எப்படி இருக்கும் என்று தெரிந்த பையனிடம் இது பலிக்காது. @ குறியில் தொடங்கும் ஒரு ஃபோல்டர், அதனுள் ஆட்ஆன்ஸ் ஃபோல்டர், அதில் மோடின் சரக்கு இருக்கும் பிபிஓ ஃபைல்கள், அவை யார் செய்தவை என்று காட்டும் கையெழுத்து ஃபைல்கள், அவ்வளவுதான். இதில் செட்டப் டாட் இஎக்ஸ்இ எங்கிருந்து வந்தது? மோடுக்கு எதற்கடா இன்ஸ்டாலர்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் என் கடைக்கு வருகிற லேப்டாப்பில் பெரும்பாலானவை வந்திருக்காது. சுவருக்குப் பின்னால் இருப்பவனைக் காட்டும், தானாகக் குறிபார்க்கும் என்று சொல்லி இலவசமாகக் கொடுக்கிற "சீட்" என்ற ஏமாற்று நிரல்கள் இதைவிட மோசம். அவற்றைப் பற்றிப் பேசக்கூட எனக்குப் பொறுமை இல்லை. ஏமாற்றுகிறவர்களைக் கண்காணிக்கும் பேட்டில்ஐ நிரல் பிடித்து அக்கவுண்டைத் தடைசெய்தால் நான் அனுதாபப்பட மாட்டேன்.

இப்போது ஃபார்மேட்டுக்கு வருகிறேன். இதைக் கடையில் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் எழுதியே வைக்கிறேன். முன்காலத்து வைரஸ் சிஸ்டத்தை மெதுவாக்கும், ஃபைலை மறைக்கும், பென்டிரைவில் ஒட்டிக்கொண்டு பரவும். அதற்கு ஃபார்மேட் மருந்து. இப்போது வருகிறவன் உங்கள் சிஸ்டத்தில் குடியிருக்க வருவதில்லை. குரோமில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகள், நீங்கள் லாகின் செய்தே இருக்கிறீர்கள் என்பதற்கான குக்கீகள், டெஸ்க்டாப்பில் "பேங்க் டீடெய்ல்ஸ்" என்று பெயர் வைத்த நோட்பேட், ஆதார் படம், இவற்றை அள்ளி அனுப்பிவிட்டுப் போய்விடுவான். பல சமயம் தன்னையும் அழித்துக்கொள்வான். லேப்டாப் வழக்கம்போல வேகமாகவே ஓடும். நான் ஸ்கேன் போட்டால் ஒன்றுமே காட்டாது, "அண்ணே, கிளீனாத்தானே இருக்கு" என்பீர்கள். கிளீன்தான். சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. நான் ஃபார்மேட் போட்டால் உங்கள் போட்டோக்கள் போகும், டேலி கணக்கு போகும், அவன் கையில் இருக்கும் பாஸ்வேர்டில் ஓர் எழுத்துகூட அழியாது.

"எனக்கு ஓடிபி வராமல் எப்படி உள்ளே போவான்?" என்று அடுத்து கேட்பார்கள். ஓடிபி கேட்பது புதிதாக உள்ளே நுழைகிறவனிடம். குக்கீயை எடுத்தவன், ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும் நீங்களாகத்தான் தெரிவான். அவனிடம் யார் கேட்கப்போகிறார்கள்? ஆகவே பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்ற வேண்டும். அதையும் அந்த லேப்டாப்பிலிருந்தே செய்யாதீர்கள், அவன் இன்னும் உள்ளே இருந்தால் புதுப் பாஸ்வேர்டும் அவனுக்கே போகும். வேறு ஒரு சுத்தமான போனிலிருந்து, முதலில் மெயில், ஏனென்றால் மற்றதெல்லாம் மெயிலைப் பிடித்துத்தான் மீட்க வேண்டியிருக்கும். அப்புறம் வங்கி, அப்புறம் இன்ஸ்டாகிராம், ஸ்டீம். இதெல்லாம் முடிந்த பிறகு ஃபார்மேட், கடைசியாக. அப்போது வாருங்கள், சந்தோஷமாகப் போட்டுத் தருகிறேன்.

தங்கச்சிமடத்துக்காரரின் விஷயத்தில் நஷ்டம் கேமில் இல்லை. பகலில் பில் போடுகிற கம்ப்யூட்டரில் ராத்திரி மகன் விளையாடுகிறான். மெயிலுக்குள் புகுந்தவன் அவசரப்படவில்லை, பழைய கடிதங்களைப் படித்திருக்கிறான். வெளியூரில் சரக்கு வாங்குகிறவருக்கு "இனிமேல் இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்" என்று நம் வியாபாரி எழுதுகிற மாதிரியே எழுதி அனுப்பிவிட்டான். வாங்குகிறவர் போன் செய்து கேட்டதால் தப்பித்தார்கள். கேட்காதவர்களும் இருக்கிறார்கள்.

"அப்போ ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் எடுத்தால் நூறு சதவீதம் பத்திரமா?" என்று பெரியபட்டினத்துப் பையன் கேட்டான், நல்ல கேள்வி. இல்லை. 2023 கிறிஸ்துமஸ் அன்று ஸ்லே தி ஸ்பயர் என்ற கேமுக்கான டவுன்ஃபால் என்கிற பெயர்பெற்ற மோடைச் செய்தவர்களின் கணக்கையே பிடித்து, ஸ்டீம் வழியாகவே பாஸ்வேர்டு திருடும் நிரலை அனுப்பினார்கள். அதே வருடம் ஜூனில் மைன்கிராஃப்ட் மோட்களிலும் இப்படி ஒரு திருட்டு நிரல் பரவியது. 2025 பிப்ரவரியில் பைரேட்ஃபை என்று ஒரு கேமையே, உள்ளே திருட்டு நிரல் இருந்ததால், ஸ்டீம் நீக்க வேண்டி வந்தது. லம்மா என்ற ஒரே திருட்டு நிரல் 2025ல் இரண்டு மாதத்துக்குள் 3,94,000க்கு மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்தது. ஒர்க்‌ஷாப்பில் ஆபத்து எப்போதோ ஒருமுறை, தெரிந்ததும் எடுத்துவிடுகிறார்கள். டெலிகிராம் பேக்கில் எடுப்பதற்கு யாரும் இல்லை.

எனவே, கேமை ஸ்டீமில் காசு கொடுத்து வாங்குங்கள், ஆர்மா 3 பெரிய தள்ளுபடியில் அடிக்கடி வருகிறது, என் ஃபார்மேட் கூலி மிச்சம். ஃபைபர் உள்ள நண்பன் ஒர்க்‌ஷாப்பில் இறக்கியதைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளலாம், தெரியாத ஆள் சுருக்கிக் கொடுத்ததை வேண்டாம். டிஃபெண்டரை அணைக்கச் சொல்கிற எதையும் தொடாதே. பையனுக்குத் தனி விண்டோஸ் கணக்கு போடுங்கள், அட்மின் அனுமதி வேண்டாம். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும், அதையும் அவன் பிறந்த தேதியாக வைக்காதீர்கள். பில் போடுகிற கம்ப்யூட்டரில் கேமே கூடாது, பேச்சுக்கு இடமில்லை. வங்கிப் பாஸ்வேர்டை பிரவுசர் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

அம்மாமார்களிடம், உம்மாமார்களிடம் ஒன்று கேட்கிறேன். பையனை அடிக்காதீர்கள். நான் பார்த்தவரை அடிக்குப் பயந்து அவன் இரண்டு மூன்று நாள் மறைத்துவைப்பதில்தான் முழுச் சேதமும் நடக்கிறது. லேப்டாப்பில் ஏதோ சரியில்லை என்று அவன் வந்து சொன்னால் முதலில் நெட்டை அணையுங்கள், பிறகு திட்டிக்கொள்ளலாம். பணம் போயிருந்தால் எனக்கு போன் செய்வதற்கு முன் சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் செய்யுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க முடியும். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கிற உறவுகளுக்குக் குடும்ப குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுங்கள், எழுத்தில் வேண்டாம், உங்கள் குரலில், யாரும் பணம் அனுப்பாதீர்கள் என்று.

கடைக்கு வரும்போது சார்ஜரையும் எடுத்து வாருங்கள். பாதிப் பேர் மறந்துவிடுகிறீர்கள். அப்படியே யுஎஸ்பி போர்ட்டையும் ஒரு தடவை பாருங்கள், பச்சை பூத்திருந்தால் அது வைரஸ் இல்லை, உப்புக் காற்று. அதற்குத் தனிக் கூலி.