கழுத்து வீங்கியிருக்கிறது, ரத்தம் நார்மல்!

"கழுத்து வீக்கம் கண்ணுக்கே தெரிகிறது. ரத்தப் பரிசோதனையோ எல்லாம் நார்மல் என்கிறது. எதை நம்புவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டையும் நம்பலாம். பலருக்கு ரத்தம் நார்மலாக இருப்பதே அந்த வீக்கத்தின் தயவில்தான்.

பள்ளியில் படித்ததுதான். முன்கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி, அயோடினை வைத்து ஹார்மோன் செய்கிறது. ஹார்மோன் குறைந்தால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, டிஎஸ்ஹெச் என்ற தூண்டும் ஹார்மோனை அனுப்பித் தைராய்டை முடுக்குகிறது. அந்த டிஎஸ்ஹெச் வேலை வாங்குவதோடு நிற்காமல் செல்களையும் பெருக்கிவிடும். பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும்; அதுவும் கிடைக்காதபோது சுரப்பி பருத்து, வருகிற கொஞ்சத்தையும் வாரிக்கொள்கிறது. இதுதான் முன்கழுத்துக் கழலை. (தன் உடலையே தாக்கும் எதிர்ப்புச் சக்தியாலும் வரும், அது வேறு கதை.)

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எல்லாச் செல்களும் ஒரே வேகத்தில் பெருகுவதில்லை. முந்திக்கொண்ட கூட்டங்களால், சீராக இருந்த வீக்கம் ஆண்டுக்கணக்கில் முடிச்சு முடிச்சாகிறது. சில முடிச்சுகளில், டிஎஸ்ஹெச்சை வாங்கும் ஏற்பியின் மரபணுவில் சின்னப் பிழை விழுகிறது. யாரும் தொடாமலே அழைப்புமணி அடித்துக்கொண்டிருப்பது போல, உத்தரவே இல்லாமல் அந்த முடிச்சு ஹார்மோன் சுரக்கும். பிட்யூட்டரி வாயை மூடிக்கொண்டாலும் நிறுத்தாது. அயோடின் பஞ்சம் இருக்கும்வரை இந்தக் குட்டு வெளிப்படாது. ஸ்கேனுக்காக ஏற்றும் அயோடின் மருந்து போல ஒரேயடியாக நிறைய வந்தால் ஹார்மோன் கொட்டத் தொடங்கும்: படபடப்பு, எடை இழப்பு, முதியவர்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

அளவும் தொல்லைதான். மூச்சுக்குழாய், உணவுக்குழாய், குரல் நரம்பு எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. கழலை மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தால், கைகளைத் தலைக்குமேல் தூக்கிய சற்று நேரத்தில் முகம் ரத்தம் கட்டிச் சிவக்கும்.

முடிச்சு என்றதும் புற்றுநோய் என்று பதற வேண்டாம். பெரும்பாலானவை அப்படி அல்ல. ஆனால் கெட்டியாகி வேகமாக வளர்ந்தாலோ குரல் கம்மினாலோ, ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சிறுவயதுக் கழலை அயோடின் கிடைத்தால் வடியும். முடிச்சு விழுந்த பழைய கழலை அப்படி வடியாது; கண்காணிப்பு, கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை என்றுதான் வழி. அதனால்தான் 1922-இல் சுவிட்சர்லாந்து தொடங்கிய அயோடின் உப்பு பெரிய விஷயம். இவ்வளவு மலிவான தடுப்பை "கெமிக்கல்" என்று ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

சரி, வாசகர் பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக எடுத்து வைக்கட்டும். டிஎஸ்ஹெச் நார்மல் எல்லைக்குள்ளேயே வருடாவருடம் இறங்கிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு முடிச்சு சொந்தமாக வேலையை ஆரம்பித்திருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.