ரிப்போர்ட்டில் ‘நில்’ (Nil, ஒன்றும் இல்லை) என்று வந்தால் வைரஸும் இல்லையா?

போன வாரம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு சமையல் காண்ட்ராக்டர் எங்கள் லேபுக்கு வந்தார். ஒரு கையில் பாட்டில் தண்ணீர், இன்னொரு கையில் வேறொரு லேபின் ரிப்போர்ட். ஒரு மாதத்துக்கு முன்னால் அவர் சமைத்த கல்யாணத்தில் சாப்பிட்டவர்களில் ஏழெட்டு பேருக்கு இப்போது மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் ஏ. “புதினா, கொத்தமல்லி எல்லாம் ஓசோன் மெஷின்லதான் கழுவுறோம், தண்ணி யூவி போட்டது, ரிப்போர்ட்லயும் நில்னு இருக்கு மேடம், நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க” என்றார். இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் நாலாவது ஆள்.

ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உள்ளே போய் காமாலை தெரிவதற்குச் சராசரியாக 28 நாள், சிலருக்கு 50 நாள்கூட ஆகும். கல்யாணத்தன்று ஊற்றிய தண்ணீர் எங்கே, நேற்று பாட்டிலில் பிடித்த தண்ணீர் எங்கே? சரி, அதை விடுங்கள். அந்த ‘நில்’ கோலிஃபார்ம், ஈ. கோலை பாக்டீரியாவுக்கு, அதாவது தண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா என்று காட்டும் கிருமிகளுக்கு. வைரஸை அதில் யாரும் தேடவே இல்லை. ஈ. கோலை யூவிக்கு, அதாவது புற ஊதா ஒளிக்கு, சீக்கிரம் சாகும், அது செத்த அளவு யூவியில் வைரஸும் செத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

“அப்போ பிசிஆர் போடுங்க” என்பார்கள் அடுத்து. படித்தவர்களும் தடுக்கி விழுகிற இடம் இது. பிசிஆர் பார்ப்பது வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவில் ஒரு சின்னத் துண்டை மட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வரவைக்கிற நோரோ வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் ஆர்என்ஏ சுமார் 7,500 எழுத்து நீளம். பிசிஆர் அதில் நூறு எழுத்துக்குப் பக்கம்தான் பிரதி எடுக்கும். யூவி வேறு இடத்தில் அடித்திருந்தால் வைரஸ் காலி, பிசிஆருக்குத் தெரியாது. 600 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஆறாயிரம் மடங்கு) வைத்தால் புரத ஓடு குலைந்து செல்லுக்குள் நுழைய முடியாமல் போகும், ஆனால் ஆர்என்ஏ உள்ளே முழுசாகக் கிடக்கும், பிசிஆரும் பாசிட்டிவ் என்றே சொல்லும். செத்தவர் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி.

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, செல் வளர்த்து அதன்மேல் வைரஸை விட வேண்டும். சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றினால் உயிருள்ள செல்கள் விரித்த துணி மாதிரி ஊதாவாக நிற்கும், வைரஸ் தின்ற இடம் பூச்சி அரித்த ஓட்டை மாதிரி வெளுத்துத் தெரியும். அந்த ஓட்டைகளைத்தான் எண்ணுகிறோம். இதிலும் ஒரு வம்பு: 1972-லேயே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்த மனித நோரோவை 2016-ல்தான் மனிதக் குடல் செல்லில் ஒழுங்காக வளர்க்க முடிந்தது. அதனால் இன்றும் பெரும்பாலும் எலி நோரோவை வைத்துத்தான் மெஷின்களைச் சோதிக்கிறார்கள். “99.9% வைரஸ் அழியும்” என்கிற விளம்பரம் எந்த வைரஸைச் சொல்கிறது என்று கேளுங்கள். அப்படியே நிஜம் என்றாலும் பத்து லட்சத்தில் ஆயிரம் மிச்சம். நோரோவுக்குச் சில பத்து போதும், ஆளைப் படுக்க வைக்க.

யூவி, ஓசோன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யூவி வெளிச்சம் பட்ட இடத்தில்தான் வேலை செய்யும், கலங்கல் தண்ணீரிலும் இலை மடிப்பிலும் செய்யாது. நம்ம ஊர் போர் தண்ணீரின் உப்பு விளக்கைச் சுற்றியிருக்கிற கண்ணாடிக் குழாயில் படிந்து வெள்ளையாகிவிடும், அதைக் கழற்றித் துடைத்து எத்தனை மாதம் ஆச்சு? நீல விளக்கு எரிந்தால் போதுமா?

பிரியாணியைத் திட்டாதீர்கள். அண்டாவில் தம் போட்ட கொதிக்கிற பிரியாணியில் இந்த வைரஸ் தாங்காது. கூட வைக்கிற தயிர் வெங்காயம், பச்சைப் புதினா சட்னி, ஜூஸில் போடுகிற ஐஸ், இவற்றைப் பாருங்கள். ஐஸில் வைரஸ் சாகாது, பத்திரமாக இருக்கும். சட்னிக்கும் ஐஸுக்கும் கொதித்து ஆறிய தண்ணீர்தான். முடியாவிட்டால் குளோரின் போட்டு அரை மணி நேரம் விடுங்கள், போட்ட கையோடு மொண்டு ஊற்றாதீர்கள். சானிடைசர் இந்த வைரஸ்களை அவ்வளவாகத் தொடாது, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் ஆகும்வரை யாரையும் கரண்டி பிடிக்க விடாதீர்கள், தயவுசெய்து.

காண்ட்ராக்டரிடம் கடைசியில் ஒன்றுதான் கேட்டேன்: அன்றைக்கு வெங்காயம் நறுக்கினது யார்? கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஜுரம், வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னு லீவு கேட்டான் மேடம். ஆள் பத்தலைன்னு நான்தான் விடலை. அடுத்த வாரம் அவனுக்கும் கண்ணு மஞ்சளாயிடுச்சு.”