ரீஸ்லிங் போத்தலில் முதலில் பார்க்க வேண்டிய எண்

பாசிக்குடாவிலுள்ள கடற்கரை விடுதியொன்றில் பானப் பிரிவில் பணியாற்றும் எனக்கு, வெள்ளை வைன் கேட்டு வரும் நம்மவர்களிடமிருந்து அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்று உண்டு. சென்ற முறை அருந்திய ரீஸ்லிங் தேனாய் இனித்ததாம். இம்முறை அதே பெயருள்ள போத்தல் தேசிக்காய்ச் சாறாய்ப் புளிக்கிறதாம். ரீஸ்லிங் என்பது வணிகப் பெயரன்று. 1435ஆம் ஆண்டின் ஜேர்மனிய ஆவணமொன்றிலேயே குறிப்பிடப்பட்டுள்ள ஒரு திராட்சை இனத்தின் பெயர். அதிலிருந்து சற்றும் இனிப்பற்ற வைனும் வடிக்கிறார்கள், பாகு போன்ற வைனும் வடிக்கிறார்கள்.

எனவே வாங்குமுன் லேபிளில் மதுசாரச் சதவீதத்தைப் பாருங்கள். திராட்சைச் சாற்றின் சீனியை மதுவம் (ஈஸ்ட்) உண்டுதான் மதுசாரம் உருவாகிறது என்பதால், 8 அல்லது 9 சதவீதம் என்றிருந்தால் சீனி மீந்திருக்கிறது, வைன் இனிக்கும்; 12ஐத் தாண்டினால் பெரும்பாலும் இனிப்பிராது. ஜேர்மனியப் போத்தல்களில் 'ட்ரோக்கன்' என்ற சொல் இனிப்பற்றதைக் குறிக்கும். 'கபினெட்', 'ஸ்பேட்லேசே' என்பவையோ அறுவடையின்போது பழம் எவ்வளவு கனிந்திருந்தது என்பதையே சொல்கின்றன. இனிப்பின் அளவை அவற்றைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது.

8 சதவீதம்தானே, இது சர்பத் மாதிரி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நம் நாட்டு ஸ்ட்ரோங் பியரிலும் ஏறத்தாழ அதே அளவுதான் இருக்கிறது. இனிப்பு மதுவின் காரத்தை மறைத்துவிடுவதால், கிண்ணங்களின் கணக்குத் தவறிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பு வகையைத் தவிர்ப்பதே நல்லது.

ஆனால் நம் சாப்பாட்டுக்கு அந்த மெல்லிய இனிப்பு வகைதான் பொருந்துகிறது. மட்டக்களப்பு வாவி நண்டை மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சமைத்த கறியோடு 14 சதவீத வைனை அருந்தினால் நாக்கின் எரிவு இரட்டிக்கும். மதுசாரம் குறைந்து, சற்றே இனித்து, புளிப்பும் கூர்மையாக உள்ள ஜேர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் அந்த எரிவைத் தணிக்கும். பொரித்த மீனுக்கோ இனிப்பற்ற அவுஸ்திரேலிய கிளேர் பள்ளத்தாக்கு வகை நன்று. மீனின் மேல் தேசிக்காய் பிழிந்த பலன் அதில் கிடைக்கும்.

ஒருமுறை விருந்தினர் ஒருவர், மண்ணெண்ணெய் மணக்கிறது என்று முதிர்ந்த போத்தலொன்றைத் திருப்பி அனுப்பினார். அது கெட்ட வைன் அன்று. வெயில் நன்றாகப் பட்ட ரீஸ்லிங் பழத்தில் உருவாகும் சேர்மமொன்று போத்தலில் முதிர முதிர அந்த மணத்தைத் தருகிறது. விரும்பாதவர்கள் இளம் ஆண்டின் போத்தலைக் கேட்கலாம்.

உண்மையில் வைனைக் கெடுப்பது நம் வெப்பம். பெயர்ப்பலகையில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்றிருந்தாலும் உள்ளே சாராயமும் பியரும்தான் ஓடும் கடைகளில், வைன் போத்தல்கள் வெயில் படும் மேல்தட்டில் மாதக்கணக்கில் நிற்பதுண்டு, அவற்றை வாங்காதீர்கள். வாங்கியதை மூடிய வாகனத்திலும் விட்டுவைக்காதீர்கள். பரிமாறும்போது கிண்ணத்தில் ஐஸ் போட்டால் வைன் நீர்த்துவிடும். அதற்குப் பதிலாக, ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் போத்தலைக் கழுத்தளவு அமிழ்த்தினால் அரை மணித்தியாலத்துக்குள் நன்றாகக் குளிர்ந்துவிடும். மீதியை மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், புளிப்பு மிகுந்த வைனாதலால் மூன்று நாட்களாவது தாங்கும்.